மூக்கு நல்லா இருக்குன்னு ஒரு சீட்டு

வேங்கிக்காலைத் தாண்டினால் வேலூர் ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் அந்தப் பால் சங்கம் இருக்கிறது. பாலைச் சோதிக்க அங்கே ஒரு மிஷினும் ஒரு மூக்கும் இருந்தன. மிஷினில் ஒரு சின்னக் கிண்ணம் பாலை வைத்தால் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று நம்பர் காட்டும். ஆனால் நேற்றுச் சாயங்காலம் கறந்து மிஞ்சிய பாலை இன்று காலைப் பாலோடு கலந்து கொண்டுவந்தால் அதற்குத் தெரியாது. அதற்குத்தான் மூக்கு. அது அருணாதேவியின் மூக்கு.

பதினோரு வருஷமாக அவள்தான் அங்கே டெஸ்டர். கேன் மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவாள். ஒரே ஒரு இழுப்புதான். மாடு வேப்பந்தழை தின்றிருந்தால் சொல்லிவிடுவாள், கேனைச் சரியாகக் கழுவவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுவாள். அவள் "ஊத்துங்க" என்றால் பால் பெரிய தொட்டிக்குப் போகும். "எடுத்துக்கினு போங்க" என்றால் கலெக்டரே வந்து சிபாரிசு செய்தாலும் போகாது. கலெக்டர் ஆபீஸ் என்னவோ கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

அவளிடம் அடிக்கடி மாட்டுகிறவர் வேடியப்பன். அறுபது வயது, நாலு மாடு. சாயங்காலப் பாலைச் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் டீக்கடைகளுக்கு ஊற்றுவார். அங்கே மிஞ்சினதைக் காலைப் பாலில் கலந்து சங்கத்துக்குக் கொண்டுவருவார். மாதத்துக்கு இரண்டு முறையாவது கொண்டுவருவார், இரண்டு முறையும் மாட்டுவார். திருடனுக்குத் தேள் கொட்டினது போல வாயைத் திறக்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு போவார். ஆனாலும் விடமாட்டார், அடுத்த மாதம் மறுபடியும் வருவார். அந்த மனுஷனுக்கு அது ஒரு பந்தயமாகவே ஆகிவிட்டது.

போன வருஷம் தை மாதத்தில் அருணாதேவிக்கு வலது மூக்கு அடைத்தது. தையில் யாருக்குத்தான் அடைக்காது? மாசி போய்ப் பங்குனி வந்தும் அடைப்பு போகவில்லை. காலையில் முகம் கழுவும்போது வலப்பக்கம் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தது. சூடு என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஊரில் எது வந்தாலும் சூடுதான். மலையே நெருப்பு என்கிறபோது அதன் அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினாள், இளநீர் குடித்தாள், வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். மெடிக்கல் ஷாப்பில் மூக்குக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டாள். வலது கண்ணில் தண்ணீர் வடிந்தது. அதுவும் சூடுதான்.

சித்திரையில் ஒரு நாள் காலை கேன் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. பால் வாசனையும் இல்லை, தகர வாசனையும் இல்லை. வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தாள், தலையில் இருந்த மல்லிகையை எடுத்து முகர்ந்தாள், கடைசியில் பினாயில் பாட்டிலையே திறந்து முகர்ந்தாள். எல்லாம் வெறும் காற்றாக இருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயமாக இருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? கண் தெரியாதவனைக் காவலுக்கு வைப்பார்களா? லோடு ஆட்டோ ஓட்டுகிற தன் புருஷன் சடையனிடம்கூட அவள் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். மூடியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவாள், ஆனால் பார்ப்பது கேன்காரரின் முகத்தை. பழைய பால் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு முகம் உண்டு. தேவையில்லாமல் மழையைப் பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் மிஷினையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த முகத்தைக் கண்டதும், "எடுத்துக்கினு போங்க" என்பாள். பத்துக்கு எட்டுப் பழுதில்லாமல் ஓடியது. நாலு மாதம் அப்படியே ஓட்டினாள்.

ஆனால் பதினோரு வருஷம் மாட்டி மாட்டி, வேடியப்பனின் முகம் மட்டும் கல்லாகிப் போயிருந்தது.

ஆவணியில் ஒரு நாள் காலை ஆறரை மணி. இருபது பேர் வரிசையில் நின்றார்கள். வேடியப்பனின் கேன் வந்தது. அருணாதேவி மூடியைத் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "ஊத்துங்கண்ணா" என்றாள். அவர் அசையவில்லை. சரி, வயதானவர் என்று அவளே கேனைத் தூக்கினாள். அவர் சட்டென்று அதன் பிடியைப் பற்றிக்கொண்டார்.

"ஊத்தாதம்மா. இது நேத்து காலையில கறந்த பாலு. மூணு நாளா பழசத்தான் கொண்டாறேன், நீயும் வாங்கிக்கினே கீற. உன் மூக்கு போயிடுச்சும்மா. யாருகிட்டயாவது காட்டு."

அவளுக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்தது போல இருந்தது. பழம்பால் ஊற்றுகிற ஆள், எல்லாருக்கும் எதிரில், என் மூக்கைப் பற்றிப் பேசுவதா? அவர் பொய் சொல்கிறார், நல்ல பாலைத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று வாதாடினாள். சங்கத்துச் செயலாளர் முருகவேல் எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர். அன்றைக்கு அவரும் வேறு வழியில்லாமல் எதிர் டீக்கடையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துக் காய்ச்சச் சொன்னார். பொங்குவதற்கு முன்பே பால் திரிந்து கட்டி கட்டியாக நின்றது. இருபது பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

சங்கத்து விதிப்படி வேடியப்பன் ஒரு மாதம் பால் ஊற்றக்கூடாது என்று ஆயிற்று. அருணாதேவியின் விஷயத்தில் முருகவேல் தலையைச் சொறிந்தார். டாக்டரிடம் போய் மூக்கு நன்றாக இருக்கிறது என்று ஒரு சீட்டு வாங்கி வரும்படியும், அதுவரை வீட்டில் இருக்கும்படியும் சொன்னார்.

வீடு போய்ச் சேரும்வரை அவள் வேடியப்பனைச் சபித்தாள். அவர் சொன்னது உண்மை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. எப்படியாவது ஒரு சீட்டு வாங்கி அந்த ஆளின் முகத்தில் வீச வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தோடுதான் மறுநாள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வைத்தியத்துக்காகப் போகவில்லை.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்த டாக்டர் அபிநயாவுக்கு முப்பது வயது இருக்கும். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேள்வி கேட்பார். எந்தப் பக்கம் அடைப்பு என்று கேட்டார். வலது என்றாள். ரத்தம் எந்தப் பக்கம் என்றார். வலது. கண்ணில் தண்ணீர்? அதுவும் வலது. அப்போதுதான் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சீட்டு மட்டும் குடுத்தா போதும் டாக்டர்" என்றாள் அருணாதேவி.

"சாதாரணச் சளின்னா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடைக்கும்மா. மாசக்கணக்கா ஒரே பக்கம் அடைச்சு, அதே பக்கம் ரத்தமும் வந்தா, உள்ள பாக்காம நான் யாரையும் அனுப்பறதில்ல."

நுனியில் விளக்கு வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டார். பக்கத்துத் திரையில் சிவப்பாக, மினுமினுவென்று, ஒரு சதைக் கட்டி தெரிந்தது. பார்ப்பதற்கு மூக்கில் சாதாரணமாக வளர்கிற சதை போலவும் இருந்தது. அதை அப்படியே நறுக்கி எறிந்துவிட்டு, சரியாகிவிட்டது போ என்று அனுப்பியிருந்தால் அருணாதேவி அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சீட்டோடு சந்தோஷமாகப் போயிருப்பாள். போய்ச் செத்தும் இருப்பாள். அபிநயா அப்படிச் செய்யவில்லை. முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஒரு துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்புவேன் என்றார்.

பெரிய ஸ்கேனுக்கு மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்தன்று போட்டது, திருகு இறுகிப்போய் வர மறுத்தது. ஒரு நர்ஸம்மா தேங்காய் எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் பொறுமையாகத் திருகித் திருகி எடுத்துக் கையில் கொடுத்தார். அப்போதும் அருணாதேவி அவரிடம் சீட்டு எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டாள்.

சதைப் பரிசோதனையின் முதல் முடிவு தெளிவாக இல்லை. உருண்டை உருண்டையான சின்னச் செல்கள். பத்து வியாதிகளில் அவை ஒரே மாதிரி இருக்குமாம். இன்ன வியாதி என்று தெரியாமல் கத்தியை எடுக்கக்கூடாது என்று அபிநயா அந்தச் சதைத் துணுக்கைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே விசேஷச் சாயங்கள் போட்டுப் பார்ப்பார்களாம். பன்னிரண்டு நாள் ஆயிற்று. நடுவில் பௌர்ணமி வந்து கிரிவலக் கூட்டத்தால் ஊரே அடைத்துக்கொண்ட அன்று, அலைய வேண்டாம், முடிவு இன்னும் வரவில்லை என்று டாக்டரே போன் செய்து சொன்னார். ஒரு பெரிய டாக்டர் தனக்காகப் போன் செய்வார் என்பது அருணாதேவிக்கு நம்ப முடியாததாக இருந்தது.

முடிவு வந்த அன்று சடையன் முன்னாலேயே உள்ளே போய், எதுவாக இருந்தாலும் தன்னிடம் மட்டும் சொல்லும்படி கெஞ்சினான். நம் பக்கத்து வழக்கம் அதுதானே? நோயாளியைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. நோய் அவங்களோடது, அவங்களுக்குத்தான் முதல்ல தெரியணும் என்று சொல்லி அருணாதேவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இது புற்றுநோய்தான்மா. ரொம்ப அபூர்வமானது, வாசனை நரம்புல வர்றது. நான் படிச்ச காலத்துல ஒரே ஒருத்தருக்குப் பாத்திருக்கேன். மூக்கோட கூரையில சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கு, அதுக்கு மேல மூளை. கட்டி சல்லடையைத் தொட்டிருக்கு, ஆனா மேல ஏறல. இப்ப எடுத்துட்டு, கதிர்வீச்சு, அதான் கரண்டும் வெச்சா, பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இன்னும் நாளாகியிருந்தா நாம வேற பேச்சு பேசிக்கிட்டு இருப்போம்."

வாசனை திரும்புமா என்று அருணாதேவி கேட்டாள். திரும்பாது என்று டாக்டர் சொன்னார். பொய்யாக ஆறுதல் சொல்லாத அந்த முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. அப்புறம் டாக்டர், மூக்கு போய்விட்டது என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று விசாரித்தார். சடையன்தான் பதில் சொன்னான், ஒரு பால்காரர் என்று. அருணாதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆபரேஷன் சென்னையில் நடந்தது. காப்பீட்டு அட்டை இருந்ததால் அந்தக் கவலை இல்லை. முகத்தை வெட்டவே இல்லை; மூக்குத் துவாரம் வழியாகவே போய், ஏழு மணி நேரம் கட்டியையும் சல்லடை எலும்பையும் வாசனை நரம்பையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து ஒரு துண்டுச் சவ்வை எடுத்து மூளைக்குக் கீழே ஒட்டுப்போட்டார்கள். கண் விழித்தபோது சடையன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

பெரிய டாக்டர் ரவுண்டு வந்தபோது எல்லாம் நன்றாக முடிந்தது என்றார். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். ஒன்றரை மாதம் முன்னால் வந்திருந்தால் இடதுபக்க நரம்பை விட்டுவைக்கப் பார்த்திருக்கலாம், கொஞ்சம் வாசனையாவது மிஞ்சியிருக்கும் என்று. அருணாதேவி அதைக் கேட்டுக்கொண்டாள். சித்திரையிலிருந்து மூடிவைத்தது அவள்தானே, யாரை நோவது?

பிறகு முப்பது நாள் கரண்டு. முகத்துக்கு அச்செடுத்த வலைக் கவசத்தைப் போட்டுப் பலகையோடு இறுக்கிவிடுவார்கள். தொண்டை வறண்டது, மூக்குக்குள் பொருக்குத் தட்டியது, சோறு மண்ணாக இருந்தது. அந்த நாட்களில் படுத்துக்கொண்டே யோசித்தாள். நான் இன்று உயிரோடு கிடப்பது யாரால்? டாக்டர் அபிநயாவால், சந்தேகமில்லை. எண்ணெய் விட்டு மூக்குத்தியைக் கழற்றின நர்ஸம்மாவால், இருபத்துநாலு மணி நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷனால். ஆனால் அத்தனை பேரிடமும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? எவ்வளவு சுற்றி யோசித்தாலும் வேடியப்பனிடம்தான் வந்து நின்றது. இத்தனை வருஷம் நேரில் பிடிபட்டும் ஒருமுறைகூடத் தப்பை ஒப்புக்கொள்ளாத மனுஷன், பிடிபடாத அன்று தானாக ஒப்புக்கொண்டார்.

சடையன் மெதுவாக மற்றதைச் சொன்னான். ஊரில் அவருக்குப் பழம்பால் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். டீக்கடைக்காரர்கள் அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். ஒரு மாதத் தண்டனை முடிந்தும் அவர் சங்கத்துப் பக்கமே வரவில்லையாம். ஆனால் வாரம் தவறாமல் சடையனுக்குப் போன் செய்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் வைத்துவிடுவாராம்.

மாசியில் ஊர் திரும்பினார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பல வருஷம் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார் அபிநயா. அருணாதேவி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முருகவேல் வீட்டுக்கே வந்து, மிஷினை நீயே பார், முகர்ந்து பார்க்க வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் காலை வேடியப்பன் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

அவர் மாட்டுக்கொட்டகையில் இருந்தார். இவளைப் பார்த்ததும் மாட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். அவர் மனைவி சந்திரம்மாள்தான் அதட்டிக் கூப்பிட்டு வெளியே வரவைத்தாள். அருணாதேவி நேரே போய் அவர் காலைத் தொட்டாள்.

"நீங்க இல்லன்னா நான் இல்லண்ணா. அன்னிக்கி உங்கள என்னென்னவோ திட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் பாம்பை மிதித்தது போலப் பின்னால் நகர்ந்தார். முகம் கல்லாக இல்லை. அவள் முதல்முறையாக அந்த முகத்தில் எல்லாவற்றையும் படித்தாள்.

"காலைத் தொடாதம்மா. மூணு நாளுன்னு எல்லாரு எதிர்லயும் பொய் சொன்னேன். நாப்பது நாளு. கோடையில மாடுங்க வத்திப்போயி பாலு மிஞ்சல, அதுக்கப்பறந்தான் மறுக்கா கொண்டாந்தேன். மொத நாளு நீ ஊத்துங்கன்னப்ப ஒண்ணும் புரியல. அப்பறம் சந்தோசமா பூடுச்சு. ஜெயிச்சுட்டேன்னு தெனம் ஊத்தனேன். உனுக்கு இன்னாமோ ஆயிடுச்சுன்னு மனசு சொல்லிக்கினேதான் இருந்துச்சு. இவகிட்டகூட சொல்லல. கடசியில உன் கண்ணு ஒண்ணு மட்டும் தண்ணியா ஊத்தறத பாத்தேன், அதுக்கு மேல முடியல. மொத நாளே சொல்லியிருந்தா…"

தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாற்பது நாள். அருணாதேவி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒன்றரை மாதம் முன்னால் வந்திருந்தால் என்று சென்னை டாக்டர் சொன்னது காதில் கேட்டது. மல்லிகை, பெருங்காயம், சடையனின் சட்டை, எதுவும் இனி இல்லை. அதில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம். ஒரு கணம் பழைய கோபம் கிளம்பியது. எதிரில் நின்றவரைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் பத்து வயது கூடினவராக இருந்தார். அந்த டாக்டர் சொன்னது இவருக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டார். இந்த ஜென்மத்தில் இதை இவரிடம் சொல்லப்போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

"நாப்பது நாள் கழிச்சாவது நீங்க சொன்னீங்கண்ணா" என்றாள். "நான் நாலு மாசமா யாருகிட்டயும் சொல்லல. கட்டின புருசன்கிட்டகூட சொல்லல. நீங்க சொல்லலன்னா செத்துப்போற வரைக்கும் உங்க எல்லாரு மூஞ்சியையும் பாத்துக்கினு உக்காந்திருப்பேன்."

அவர் துண்டை எடுக்காமலே தலையை ஆட்டினார். சந்திரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அருணாதேவி டம்ளரை வாங்கினாள், சூடு மட்டும்தான் தெரிந்தது.

"எப்பக் கறந்த பால்ணா இது?" என்று கேட்டாள்.

வேடியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கி காலைலம்மா" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைத் தூக்கிக் குடித்தாள்.